புது மேனேஜரும் பழைய ஹெட்கிளார்க்கும்

இந்த முறை கால்பந்து பற்றி எழுதப் போகிறேன். மல்லாங்கிணற்றில் உட்கார்ந்துகொண்டு கால்பந்தா என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. இந்தக் கரிசல் காட்டில் சாயங்காலம் ஆனால் பையன்கள் கபடி ஆடுவார்கள், வாலிபால் ஆடுவார்கள், மற்ற நேரமெல்லாம் கிரிக்கெட். நான் பிறந்து வளர்ந்தது காரைக்காலில். பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் நிர்வாகத்தை ஒப்படைத்த பிறகும் பிரெஞ்சு வழிப் படிப்பு அங்கே தொடர்ந்தது. எங்கள் பள்ளியில் விளையாட்டு என்றால் கால்பந்துதான். ஓய்வு பெற்ற பின் மனைவியின் ஊரான மல்லாங்கிணற்றுக்கு வந்து சேர்ந்தேன். பழைய வழக்கங்கள் பல போய்விட்டன. கால்பந்துச் செய்தி படிக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை.

எழுத வந்த விஷயம் இதுதான். உலகத்தின் பெரிய கால்பந்து கிளப்புகள், ஓர் அணியைக்கூட இதுவரை நடத்தியிராத ஆளைக் கூப்பிட்டு, கோடிக்கணக்கில் பணம் புழங்கும் அணியை அவர் கையில் கொடுக்கின்றன. சில சமயம் கோப்பை வருகிறது. சில சமயம் ஆறு மாதத்தில் ஆளை அனுப்பிவிடுகிறார்கள். நான் அரசு எழுத்தராக வாழ்நாளைக் கழித்தவன். புதிதாகச் சார்ஜ் எடுக்கும் மேலதிகாரிகளை வரிசையாகப் பார்த்தவன். அதனால் இது எனக்கு விளையாட்டுப் பக்கத்துச் செய்தியோடு நிற்கவில்லை.

முதலில் மேனேஜர் என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். நம் பக்கத்தில் மேனேஜர் என்றால் பாங்கு மேனேஜர், மில் மேனேஜர். இங்கிலாந்தில் கால்பந்து அணியை நடத்துபவருக்கும் அதே பெயர். யாரை ஆட வைப்பது, யாரை விலைக்கு வாங்குவது, யாரை விற்பது என்பதில் எல்லாம் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. பிரெஞ்சில் அவரை 'ஆந்த்ரெனேர்' என்பார்கள், பயிற்சி கொடுப்பவர் என்று பொருள். நாட்டு அணிக்கு என்றால் 'செலெக்சியொனேர்', அதாவது ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். ஓர் அணியில் இருபத்தைந்து பேர் இருப்பார்கள். பதினொரு பேர்தான் களத்தில் இறங்க முடியும். அந்தப் பதினொரு பேரை நன்றாக ஆட வைப்பது பாதி வேலை. வெளியே உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள் மனம் வெறுத்துப் போகாமல் பார்த்துக்கொள்வது மீதிப் பாதி. நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு இந்த இரண்டும் தானாக வந்துவிடாது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2014 அக்டோபரில் ஐ.எஸ்.எல். என்ற இந்தியக் கால்பந்துப் போட்டி எட்டு அணிகளோடு தொடங்கியது. சென்னைக்கு 'சென்னையின் எஃப்.சி.' என்ற அணி. அபிஷேக் பச்சன், தோனி, விடா டானி ஆகியோர் அதன் உரிமையாளர்கள். அவர்கள் மேனேஜராகக் கொண்டுவந்தவர் இத்தாலிக்காரர் மார்கோ மெட்டராஸி. அப்போது அவருக்கு 41 வயது. பெரிய அணி எதையும் அதற்கு முன் நடத்தியதில்லை. ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் இரண்டு பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்.

மெட்டராஸியின் பெயர் மறந்திருந்தாலும் அந்தக் காட்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2006 ஜூலை 9, பெர்லின், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பிரான்ஸ் தலைவர் ஜினெதின் ஜிதான் திரும்பி வந்து ஓர் இத்தாலி வீரரின் நெஞ்சில் தலையால் முட்டினாரே, அந்த முட்டு வாங்கியவர்தான் இவர். அன்றைக்கு முதல் கோலை ஜிதான் போட்டார், அதைச் சமன் செய்த கோலை மெட்டராஸி போட்டார். ஜிதான் சிவப்பு அட்டையோடு வெளியேற, பெனால்டியில் இத்தாலி 5-3 என்று ஜெயித்தது. நான் அன்று இரவெல்லாம் பிரான்சுக்காக விழித்திருந்தவன். எட்டு வருடம் கழித்து அதே ஆள் நம் சென்னை நேரு ஸ்டேடியத்தில் நிற்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அவர் எப்படி நடத்தினார் என்று பார்க்கலாம். முதல் வருடம் 2014-ல் சென்னை 14 ஆட்டங்களில் 23 புள்ளிகள் எடுத்துப் பட்டியலில் முதலிடம். அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியிடம் கொச்சியில் 0-3 என்று தோற்று, சென்னையில் 3-1 என்று ஜெயித்தும், கூட்டுக் கணக்கில் ஒரு கோலில் வெளியேறியது. இரண்டாம் வருடம் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. மேனேஜரை மாற்றிவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். மாற்றவில்லை. கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்குள் நுழைந்தார்கள். அது 2015 டிசம்பர், சென்னை வெள்ளத்தில் மிதந்த மாதம். சொந்த ஊரில் ஆட முடியாமல் அரையிறுதியின் முதல் ஆட்டத்தைப் புனேயில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தார்கள். டிசம்பர் 20-ம் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னே இருந்தது. 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் கையாலேயே ஒரு கோல், அடுத்த சில நிமிடங்களில் கொலம்பியாக்காரர் மென்டோசா ஒரு கோல். கோப்பை சென்னைக்கு வந்தது.

மூன்றாம் வருடம் 2016-ல் எட்டு அணிகளில் ஏழாவது இடம். முதல் வருடம் அதிக கோல் போட்ட பிரேசில்காரர் எலானோவும் அப்போது அணியில் இல்லை, இரண்டாம் வருடம் 13 கோல் போட்ட மென்டோசாவும் இல்லை. மெட்டராஸி போய்விட்டார். அடுத்து வந்தவர் இங்கிலாந்தில் பல கிளப்புகளை நடத்திய பழுத்த அனுபவசாலி ஜான் கிரெகரி. 2018 மார்ச்சில் அவரும் கோப்பையைக் கொண்டுவந்தார். சரி, அனுபவம் பேசிவிட்டது என்று நினைத்தோம். அடுத்த பருவத்தில் அதே கிரெகரியின் கீழ் அதே சென்னை பத்து அணிகளில் பத்தாவது. ஆக, புது ஆளும் ஒரு கோப்பை, பழைய ஆளும் ஒரு கோப்பை. புது ஆளும் ஒரு வீழ்ச்சி, பழைய ஆளும் ஒரு வீழ்ச்சி. அனுபவம் இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெர்லினில் முட்டியவர் என்ன ஆனார்? 2016 ஜனவரி 4-ம் தேதி ரியல் மாட்ரிட் கிளப் ஜிதானை மேனேஜர் ஆக்கியது. மெட்டராஸி கோவாவில் கோப்பை தூக்கிச் சரியாகப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. ஜிதானும் முதல் நிலை அணி எதையும் அதுவரை நடத்தியதில்லை. ஆனால் 2013-14-ல் கார்லோ ஆன்செலோட்டி என்ற பெரிய மேனேஜருக்கு அதே கிளப்பில் உதவியாளராக இருந்தார். பிறகு அந்த கிளப்பின் இளைஞர் அணியை எடுத்து நடத்தினார். அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. அவரிடம் தேவையான சான்றிதழ் இல்லை என்பதால், தாளில் வேறொருவர் தலைமைப் பயிற்சியாளர், இவர் உதவியாளர். நடத்தியதெல்லாம் இவர். 2014 அக்டோபரில் ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பு இதைக் கண்டுபிடித்து மூன்று மாதத் தடை விதித்தது. பிறகு அது நிறுத்தி வைக்கப்பட்டது. கோப்பில் ஒருவர் கையெழுத்து, நாற்காலியில் இன்னொருவர் என்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. ஜிதான் சான்றிதழையும் பெற்று, பெரிய அணிக்கு வந்து, 2016, 2017, 2018 என்று மூன்று வருடம் தொடர்ந்து சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அவருக்கு முதல்முறை என்று பத்திரிகைகள் எழுதின. அந்த வீட்டின் சமையலறை, கொல்லைப்புறம் எல்லாம் அவருக்கு அதற்கு முன்பே பழக்கம்.

இந்தப் பழக்கம் நேற்று தொடங்கியதல்ல. காரைக்காலில் நாங்கள் படித்தபோது ழுஸ்த் ஃபோன்தேன் பெயர் தெரியாத பையன் கிடையாது. 1958 உலகக் கோப்பையில் ஒரே போட்டித் தொடரில் 13 கோல் போட்டவர். இன்றுவரை அந்தக் கணக்கை யாரும் தாண்டவில்லை. காலில் எலும்பு முறிந்து முப்பது வயதுக்குள் ஆட்டத்தை விட்டார். 1967-ல் பிரான்ஸ் அவரை நாட்டு அணிக்குப் பொறுப்பாக்கியது. எங்களுக்கெல்லாம் தலைகால் புரியாத சந்தோஷம். ருமேனியாவோடு முதல் ஆட்டம், 1-2 தோல்வி. சோவியத் யூனியனோடு இரண்டாவது, 2-4 தோல்வி. அவ்வளவுதான், பொறுப்பு முடிந்தது. இரண்டே ஆட்டம்! ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1973 முதல் 1976 வரை பாரிஸ் சேன் ஜெர்மேன் கிளப்பில் அவருக்கு அவகாசம் கிடைத்தது. 1974-ல் அந்த கிளப் முதல் டிவிஷனுக்கு ஏறியபோது பொறுப்பில் இருந்தவர் அவர். இரண்டு ஆட்டத்தில் தகுதியில்லை என்று தள்ளப்பட்ட அதே ஆள்.

மிஷெல் பிளாத்தினிக்கும் இப்படித்தான். 1988 அக்டோபரில் பிரான்ஸ் அணி சின்னஞ்சிறு சைப்ரஸோடு 1-1 என்று சமன் ஆனதும் நாடே கொதித்தது. நவம்பரில் பிளாத்தினியைக் கூப்பிட்டார்கள். வயது 33, ஆட்டத்தை விட்டு ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது, அனுபவம் பூஜ்யம். பக்கத்தில் ஜெரார் ஊலியே என்பவரை உதவியாளராக வைத்தார்கள். அவர் பெரிய ஆட்டக்காரர் அல்லர், வாத்தியார் வேலையிலிருந்து வந்தவர், ஆனால் பயிற்சி நுணுக்கம் அறிந்தவர். 1990 உலகக் கோப்பைக்குப் பிரான்ஸ் தகுதி பெறவில்லை. இந்த முறை பொறுத்திருந்தார்கள். 1992 ஐரோப்பியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் எட்டு ஆட்டம், எட்டிலும் வெற்றி. ஆனால் ஸ்வீடனில் நடந்த அந்தப் போட்டியில் இரண்டு சமன், ஒரு தோல்வி, ஊர் திரும்பினார்கள். பிளாத்தினி விலகினார். பக்கத்தில் நல்ல ஆள் இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொன்னால் இந்தக் கதை என்னைப் பொய்யனாக்கிவிடும். ஆனால் ஒன்று, தடுமாறிக் கிடந்த அணி நான்கு வருடத்தில் நிமிர்ந்து நின்றது.

இங்கிலாந்தில் லிவர்பூல் கிளப்பின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. காரணம், அது எங்கள் சாதி. எழுத்தர் சாதியைச் சொல்கிறேன்! பில் ஷாங்க்லி என்ற மாபெரும் மேனேஜர் 1974-ல் திடீரென்று விலகினார். நாடு முழுக்கப் பெரிய பெயர்கள் இருந்தும் கிளப் அந்த இடத்தில் உட்கார வைத்தது பாப் பெய்ஸ்லியை. அவர் அதே கிளப்பில் ஆடியவர், பிறகு காயங்களுக்கு வைத்தியம் பார்த்தவர், இரண்டாம் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர், ஷாங்க்லிக்குப் பின்னால் பதினைந்து வருடம் வாய் திறக்காமல் வேலை பார்த்தவர். வயது 55. எனக்கு வேண்டாம் என்று தயங்கியவரை வற்புறுத்தித்தான் உட்கார வைத்தார்கள். முதல் வருடம் எந்தக் கோப்பையும் இல்லை. யாரும் அவரை எடுக்கவில்லை. பிறகு ஒன்பது வருடத்துக்குள் ஆறு லீக் பட்டங்கள், 1977, 1978, 1981 என்று மூன்று ஐரோப்பியக் கோப்பைகள். ஹெட்கிளார்க் ஒருவர் கலெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து முன்னே இருந்த கலெக்டர்களையெல்லாம் தாண்டியது போல!

அதே கிளப் 1985-ல் மறுபடியும் ஒரு புது ஆளைப் பிடித்தது. பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்த கொடுமை நடந்த மே மாதம் அது. மேனேஜர் ஜோ ஃபேகன் ஓய்வு பெற்றார். அணியில் இன்னும் ஆடிக்கொண்டிருந்த கென்னி டால்கிலிஷிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். வயது 34. ஆனால் தனியாக விடவில்லை. ஓய்வில் இருந்த பெய்ஸ்லியை ஆலோசகராகக் கூப்பிட்டு வைத்தார்கள். பழைய பயிற்சியாளர்களை மாற்றவில்லை. 1986 மே மாதம் லீக் பட்டமும் எஃப்.ஏ. கோப்பையும் ஒரே பருவத்தில் வந்தன. லீக் பட்டத்தை உறுதி செய்த கோலைப் போட்டவரே புது மேனேஜர்தான்.

அப்படியானால் இப்போது ஏன் இத்தனை கிளப்புகள் புது ஆட்களைத் தேடுகின்றன? 2008-ல் பார்சிலோனா செய்த நியமனம்தான் பெரிய காரணம். 37 வயது பெப் குவார்டியோலாவிடம் அணியைக் கொடுத்தார்கள். ஒரே பருவத்தில் லீக், ஸ்பெயின் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் வந்தன. உடனே எல்லா முதலாளிகளுக்கும் தங்களுக்கு ஒரு குவார்டியோலா வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. அவர் சிறு வயது முதல் அதே கிளப்பில் வளர்ந்தவர், அதற்கு முந்தைய வருடம் அதன் இரண்டாம் அணியை நான்காம் நிலைப் போட்டியிலிருந்து மேலே ஏற்றியவர் என்பதைப் பலர் படிக்கவில்லை. தலைப்பை மட்டும் படித்தார்கள்.

2020-ல் யுவென்டஸ் செய்ததைப் பாருங்கள். ஆந்திரேயா பிர்லோ, மெட்டராஸியோடு பெர்லினில் கோப்பை தூக்கியவர். ஜூலை 30-ம் தேதி அவரை இளையோர் அணிக்குப் பயிற்சியாளராக அறிவித்தார்கள். ஆகஸ்ட் 8-ம் தேதி பெரிய அணியின் மேனேஜரை நீக்கிவிட்டு அதே நாளில் பிர்லோவை அங்கே உட்கார வைத்தார்கள். ஒன்பது நாள் இடைவெளி! இளையோர் அணி ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஒன்பது வருடமாகத் தொடர்ந்து லீக் பட்டம் வாங்கிய கிளப் அந்த வருடம் நான்காவது இடத்துக்கு வந்தது. இத்தாலிக் கோப்பையை வாங்கிக் கொடுத்தும் மே மாதம் அவரை அனுப்பிவிட்டார்கள். தியெரி ஆன்ரி, பிரான்சின் தங்கப் பிள்ளை, 2018 அக்டோபரில் மொனாக்கோவுக்குப் போனார். பெல்ஜியம் அணியில் உதவியாளராக இருந்தவர்தான். ஆனால் அணி ஏற்கனவே பட்டியலின் அடியில் தத்தளித்துக்கொண்டிருந்தது. 20 ஆட்டத்தில் 4 வெற்றி. ஜனவரியில் அவரை நீக்கி, அவருக்கு முன் தாங்களே நீக்கிய லியோனார்டோ ஜார்டிமையே திரும்பக் கூப்பிட்டார்கள். எரிகிற வீட்டின் சாவியைப் புதியவர் கையில் கொடுத்துவிட்டு, ஏன் அணைக்கவில்லை என்று மூன்று மாதத்தில் கேட்டார்கள்.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு 1970-களின் தொடக்கத்தில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தபோது ஆங்கிலத்தில் நோட் போட எனக்கு வராது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்ட ஒரு ஹெட்கிளார்க், தினமும் பழைய கோப்பு ஒன்றைக் கொடுத்து அதன் சாரத்தைப் பத்து வரியில் எழுதச் சொல்வார். அடுத்த நாள் சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பார். ஆறு மாதம் இப்படி. நான் கற்ற கல்லூரி அந்த மேஜை.

பிறகு பல இடங்களுக்கு மாற்றலாகிப் போனேன். ஓர் அலுவலகத்தில் இளம் அதிகாரி ஒருவர் பிப்ரவரி கடைசியில் சார்ஜ் எடுத்தார். நேரடி நியமனம், முதல் பொறுப்பு, நல்ல படிப்பு, நேர்மையானவர். பழைய முறைகளை எல்லாம் மாற்ற வேண்டும் என்ற துடிப்பு. முதல் வாரத்திலேயே அந்த அலுவலகத்தின் ஹெட்கிளார்க்கை ரிக்கார்டு ரூமுக்கு அனுப்பிவிட்டார். மார்ச் மாதம் என்றால் அரசு அலுவலகத்தில் என்ன மாதம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 31-ம் தேதிக்குள் எடுக்காத பணம் அரசாங்கத்துக்கே திரும்பிவிடும். எந்தப் பட்டியலை எந்தத் தேதிக்குள் கருவூலத்தில் கொடுக்க வேண்டும் என்று அறிந்த மனிதர் மாடியில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கான உதவித்தொகை ஒன்று அந்த வருடம் காலாவதி ஆனது. மறுபடி அனுமதி வாங்கிக் கொடுக்க அடுத்த பள்ளி ஆண்டு பிறந்து பல வாரம் ஆகிவிட்டது. அந்த அதிகாரிக்கு ஒரு கெடுதலும் வரவில்லை, வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போனார். நோட்டுப் புத்தகம் வாங்கக் காசில்லாமல் நின்றது பிள்ளைகள்.

இன்னொரு அலுவலகத்தில் இன்னொரு இளம் அதிகாரி. அவருக்கும் அதுதான் முதல் பொறுப்பு. வந்த அன்றே ஹெட்கிளார்க்கைக் கூப்பிட்டு, "சார், ஆறு மாசம் நீங்க எழுதறதை நான் படிக்கிறேன். புரியாததைக் கேப்பேன். அதுக்கப்புறம் எனக்குத் தோணுறதைச் சொல்றேன்" என்றார். அதிகாரி ஹெட்கிளார்க்கை சார் என்று கூப்பிட்டதே எங்களுக்கு அதிசயம். ஏழாவது மாதம் அவர் சொல்லத் தொடங்கினார். மூன்று பதிவேடுகளை ஒன்றாக்கினார், பென்ஷன் கோப்புகளுக்குத் தனி நாள் ஒதுக்கினார். ஹெட்கிளார்க் முணுமுணுக்காமல் செய்தார், ஏனென்றால் மாற்றச் சொன்னவருக்கு எதை மாற்றுகிறோம் என்று தெரிந்திருந்தது.

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களிடம் காமராஜரைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். இருந்தாலும் இந்த இடத்தில் அவரைச் சொல்லாமல் போக முடியாது. 1954 ஏப்ரல் 13-ம் தேதி அவர் முதலமைச்சர் ஆனபோது அதற்கு முன் ஒரு நாள்கூட அமைச்சராக இருந்ததில்லை. பள்ளிப் படிப்பு சிறு வயதிலேயே நின்றது. அவருக்கு முன்னே அந்த நாற்காலியில் இருந்தவர் ராஜாஜி, கவர்னர் ஜெனரலாகவே இருந்தவர். இன்றைய பத்திரிகை மொழியில் சொன்னால், முதல்முறை மேனேஜர், அதுவும் பெரிய கிளப்பில்.

ஆனால் அவர் செய்த முதல் காரியத்தைப் பாருங்கள். சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்று தோற்றவர் சி. சுப்பிரமணியம். அவரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். இருவரும் ராஜாஜி அமைச்சரவையில் இருந்தவர்கள், நிர்வாகம் அறிந்தவர்கள். இருவரையும் காமராஜர் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். எட்டே பேர் கொண்ட சின்ன அமைச்சரவை. தோற்றவரைப் பக்கத்தில் உட்கார வைக்க ஒரு தைரியம் வேண்டும். 1940 முதல் பல வருடம் மாநிலக் காங்கிரஸ் தலைவராக ஊர் ஊராகப் போனவர் அவர். எந்த ஊரில் பள்ளிக்கூடம் இல்லை, எந்தப் பிள்ளை ஏன் படிப்பை நிறுத்தியது என்பது அவருக்குத் தெரியும். கல்வித்துறையில் நெ.து. சுந்தரவடிவேலு போன்ற அதிகாரி அமைந்தார். அறிந்தவர் ஒரு பக்கம், மக்களை அறிந்த புதியவர் ஒரு பக்கம். ஒன்பது வருடம் நடந்தது. 1963 அக்டோபர் 2-ம் தேதி அவரே விலகினார். பாப் பெய்ஸ்லியும் லிவர்பூலில் மேனேஜராக இருந்தது ஒன்பது வருடம்தான். இது தற்செயல், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இருவரும் நாற்காலியில் உட்காரும் முன் நீண்ட நாள் பின்னால் நின்று வேலை பார்த்தவர்கள் என்பது தற்செயல் இல்லை.

என் மைத்துனர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மெட்டராஸி, பிர்லோ கதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேரு பெருசா இருந்தா மருந்து கேக்குமா அத்தான்?" என்றார். மருந்து கலக்கும் அறையில் முதலாளி மகன் என்றாலும் போர்மேன் சொன்னபடிதான் நிற்க வேண்டும், எத்தனை பேர் உள்ளே, எவ்வளவு மருந்து, வெயில் எப்படி என்று பார்க்கத் தெரியாதவன் உத்தரவு போடக் கூடாது என்றார். அப்படிப் போட்டால் என்ன ஆகும் என்பதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். அவரே இன்னொன்றும் சொன்னார். சிவகாசித் தொழிலே புது ஆட்கள் தொடங்கியதுதானே! அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து இங்கே தொடங்கியவர்கள். அவர்களுக்கும் அது முதல்முறைதான். ஆனால் முதலில் போய்க் கற்றார்கள், பிறகு தொடங்கினார்கள்.

ஆகவே, புதியவருக்குப் பொறுப்புக் கொடுக்கக் கூடாது என்று வயதானவர்கள் நாம் பேசுவது நியாயமில்லை. எல்லோரும் ஒரு நாள் முதல்முறை உட்கார்ந்தவர்கள்தான். அனுபவசாலியை மட்டுமே எடுப்போம் என்றால் டால்கிலிஷ் வந்திருக்க மாட்டார், ஜிதான் வந்திருக்க மாட்டார், காமராஜரும் வந்திருக்க மாட்டார். நியமிப்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இரண்டு கேள்விகள். பக்கத்து நாற்காலியில் யாரை வைத்தீர்கள்? எத்தனை நாள் கொடுத்தீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் ஒரு பெயரை மட்டும் வாங்கி வாசலில் தொங்கவிட்டவர்கள், அணி விழுந்ததும் பெயருக்கு உரியவரை அனுப்பிவிட்டு அடுத்த பெயரைத் தேடுகிறார்கள். நியமன உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் மட்டும் அதே இடத்தில் இருக்கிறார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு தவறிப்போனால் யார் நோட் எழுதினார், யார் ஒப்புதல் கொடுத்தார் என்று இரண்டு பெயரையும் ஆடிட்டில் கேட்பார்கள். பெரிய கிளப்புகளிலும் அப்படி ஒரு வழக்கம் வந்தால், ஜூலை 30-ல் ஒரு நாற்காலி, ஆகஸ்ட் 8-ல் வேறு நாற்காலி என்று அவசரம் காட்டுவது கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன்.